குலுக்கலில் விழுந்தபடி

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டுத் திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். பாதி மையங்களுக்கு இந்த வருடம், மீதிக்கு அடுத்த வருடம். எந்த மையம் எந்தப் பாதி என்பதைக் கணினி முடிவு செய்துவிட்டது. அங்கேதான் வில்லங்கம். "கம்ப்யூட்டருக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காவ" என்று அங்கன்வாடி டீச்சர்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்களாம். "உங்க காலத்துல எந்த சாஃப்ட்வேர் வச்சுப் பண்ணீங்க மேடம்?" என்று கேட்டாள். எவர்சில்வர் தூக்குவாளி என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். முழுக்கதையையும் தொலைபேசியில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எழுதிவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் சொந்தக்காரர்களுக்கே கடைசிவரை விளங்கவில்லை. "நம்ம கனி பால்வாடி பால்வாடியாப் போயி பிள்ளையள எண்ணிட்டு வாரா" என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள். விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும், விட்டுவிடுவேன். இங்கே விளக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித்தர யாராவது ஒரு புது முறையோடு வருவார்கள். பெட்டி நிறைய அட்டைகள், மணிகள், பாட்டுகள் இருக்கும். இது பிரமாதமாக வேலை செய்கிறது என்பார்கள். நிஜமாகவே செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி கட்டித் தருவது என் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குழந்தை சும்மா இருந்தாலும் வளர்கிறது. ஜூன் மாதம் ஐந்துவரை எண்ணத் தடுமாறிய பிள்ளை, யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் கோடை விடுமுறைக்குள் பத்தைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் எவன் நிற்கிறானோ அவன் பெயரைத் தட்டிக்கொண்டு போவான். அதனால் பெட்டி கிடைத்த பிள்ளைகளோடு வைத்துப் பார்க்க, பெட்டி கிடைக்காத பிள்ளைகளும் வேண்டும். யாருக்குக் கிடைக்கும் என்பதை நாமும் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவர்களும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுக்க விட்டால் எல்லாரும் கெட்டிக்கார மையத்தைத்தான் எடுப்பார்கள்.

தூத்துக்குடியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. புள்ளியியல் படித்தேன், கொஞ்ச காலம் சென்னையில் யாரோ சேகரித்த எண்களைக் கணினியில் ஏற்றினேன், ஊருக்குத் திரும்பி வந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வேலையை என் மேலதிகாரி வாஸ் சாரிடம் கற்றுக்கொண்டேன்.

வாஸ் சார் கடற்கரைக்காரர். அவர் அப்பா கப்பலில் போனவர். "எனக்கு ஹார்பர் பக்கம் போனாலே தலை சுத்தும், அதான் கணக்குல எறங்கிட்டேன்" என்பார். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். குழந்தைகளிடம் கேட்க நான் ஒரு கேள்வித்தாள் தயாரித்துக் கொண்டுபோனால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நாலு வயது. நான் எதிரே உட்கார்ந்து அவரிடம் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் தடவை ஐந்து பொத்தான்களை வைத்து எண்ணச் சொன்னேன். விரலால் தொட்டுத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்றார்.

"மொத்தம் எத்தனை?"

மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

"அதான் எண்ணிட்டீங்களே சார்" என்றேன்.

"எண்ணத்தானே சொன்னிய" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கினார். வரிசையாக எண்ணத் தெரிவது ஒன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். நீ எதற்கு மதிப்பெண் போடுகிறாய்? அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் எழுதியது நன்றாக வந்தது.

பிள்ளைகளிடம் போனபோது முதலில் பொத்தானுக்குப் பதிலாகச் சிப்பிகளை வைத்துப் பார்த்தோம். கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள் என்பது என் யோசனை. பழக்கம் அதிகமாகிவிட்டது. ஒரு பெண் குழந்தை நான் வைத்த சிப்பிகளில் ஓரம் உடைந்ததையெல்லாம் பொறுக்கித் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் எண்ணினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதை எடுக்க மாட்டாவ" என்றாள். சிப்பி வாங்க வரும் வியாபாரி உடைந்ததை எடுக்க மாட்டார். கணக்கில் அவளை விட்டால் ஆள் இல்லை, என் தாளின்படி அவளுக்குப் பூஜ்யம். அன்றோடு சிப்பியை ஒழித்துவிட்டுத் தையல்கடைப் பொத்தானுக்கே திரும்பினோம்.

இன்னும் எத்தனையோ விதிகள். மதியச் சாப்பாட்டில் முட்டை போடும் நாளில் பதினோரு மணிக்குமேல் சோதிக்கக் கூடாது, பிள்ளைகளின் கண் முழுக்க அடுப்படியில் இருக்கும். சோதிக்கப் போகிறவர்களுக்கு எந்த மையத்தில் பெட்டி இருக்கிறது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் அறியாமலே கை இளகிவிடும். அதனால் அவர்கள் டீச்சரோடு உட்கார்ந்து டீ குடிக்கவும் கூடாது. வேம்பார்வரை பஸ்ஸில் போய் இறங்கி, கொடுத்த டீயை மறுத்துவிட்டு வருவது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று சோதிக்கப் போனவர்கள் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொல்வார்கள்.

இனி தூக்குவாளிக்கு வருகிறேன். சென்னையில் இருந்த ஓர் அறக்கட்டளை எங்களுக்குப் பணம் கொடுத்தது. கடற்கரையோர மையங்களில் பாதிக்கு முதல் வருடம் பெட்டியும் பயிற்சியும். வித்தியாசம் தெரிந்தால் மீதிக்கு இரண்டாம் வருடம். சந்தேகமாக இருந்தால் இரண்டாம் வருடத்துக்குப் பணம் இல்லை. டீச்சர்களையெல்லாம் தூத்துக்குடியில் ஒரு மண்டபத்துக்கு வரச்சொல்லி, ஒழுங்கில்லாமல் எண்களை அச்சடித்த அட்டவணையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று வாஸ் சார் தாளை விரித்தார். உடனே கசமுசவென்று பேச்சு. ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். சார் தாளை மடித்துவிட்டு, "உங்க சீட்டு எப்படிப் போடுவிய?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், கூட்டம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மாதச் சீட்டு போடாத பெண் அந்த மண்டபத்தில் இல்லை. யாருடைய சாப்பாட்டுத் தூக்குவாளியோ வந்தது. காலியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் கவிழ்த்துக் காட்டினார்கள். ஒவ்வொரு மையத்தின் பெயரையும் சத்தமாக வாசித்துத் துண்டுச்சீட்டைச் சுருட்டிப் போட்டார்கள். எடுப்பது யார்? யாருக்கும் வேண்டியவராகவும் வேண்டாதவராகவும் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். டீ கொண்டுவந்த கடைக்கார அண்ணாச்சியைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லை.

முடிந்ததும் நான் எழுந்து நின்று இரண்டு விஷயம் சொன்னேன். முறை வராதவர்கள் இந்த வருடம் இந்த விளையாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாது. அடுத்த வருடம் உங்கள் பெட்டி வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு. வாஸ் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது விஷயத்தைச் சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, பெட்டி கொடுத்த இடங்களில் விளையாட்டுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கப் புறப்பட்டேன். முதலில் லூர்துவின் மையம். மீனவர் குடியிருப்பு, கோயிலுக்குப் பின்பக்கம். லூர்து எப்போதும் நிதானமாக இருப்பாள், பிள்ளைகளும் அப்படியே. அறையை ஒரு சுற்று பார்த்தேன். பெட்டியைக் காணோம்.

"பெட்டி எங்க லூர்து?"

"பேச்சிட்ட இருக்கு மேடம்."

பேச்சியம்மாள் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் மையம் நடத்துகிறவள். குலுக்கலில் அவளுக்கு விழுந்தது இரண்டாம் வருடம்.

"பேச்சிட்ட எப்படிப் போச்சு?"

"நாந்தான் குடுத்தேன். அவளுக்கு அவசரம், எனக்கு அடுத்த வருஷம் போதும்னு மாத்திக்கிட்டோம். ட்ரெய்னிங்குக்கும் எனக்குப் பதிலா அவளே போயிட்டு வந்தா." என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குக் குழப்பம். "சீட்டுல மாத்திக்கிடுததுதானே மேடம்? வெயில்ல வந்திருக்கிய, தண்ணி குடிக்கியளா?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சீட்டு விழுந்தவள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அவசரத்தில் இருக்கும் இன்னொருத்திக்குத் தன் முறையை விட்டுக்கொடுப்பாள். அவள் முறை வரும்போது இவள் வாங்கிக்கொள்வாள். எல்லா ஊரிலும் நடப்பது. நாங்கள் அவர்களுடைய குலுக்கலை எடுத்துக்கொண்டோம், அதோடு இந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸில் பேச்சியின் மையத்துக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் பாயில் கோடு கிழித்து எண் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு தாய்மார் வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சி ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இதைத் தூக்கிட்டுப் போயிராதிய மேடம். வேன் வச்சு இங்கிலீஷ் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதுல இங்கன பிள்ளையே இல்ல. பிள்ளை கொறஞ்சா ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மையத்தோட சேத்துருவோம்னு சொல்லிட்டாவ. விடிய முன்ன அளத்துக்குப் போற பொம்பளைய. அவ பிள்ளைய லாரி போற ரோட்டை யாரு தாண்டிவிடுவா? பெட்டி வந்தப்புறம் பாதிப் பிள்ளை திரும்பி வந்திருக்கு."

நான் பெட்டியைத் தொடாமல் திரும்பிவிட்டேன். வழி முழுக்கப் பயம்தான். அலுவலகத்தில் வாஸ் சாரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ரெண்டு பேரும் சண்டை இல்லாமத்தானே மாத்திக்கிட்டாவ?" என்பது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெட்டி அங்கேயே இருக்கட்டும், பிடுங்கிக்கொண்டு வந்து என்ன செய்யப்போகிறாய் என்று அதை முடித்துவிட்டார்.

கணக்குக்கு நான் வழி யோசித்து வைத்திருந்தேன். லூர்து மையத்தைப் பெட்டி வாங்காத பக்கத்திலும், பேச்சி மையத்தை வாங்கிய பக்கத்திலும் போட்டுவிட்டால் சரியாகப் போயிற்று. சார் தலையை ஆட்டி மறுத்தார்.

"பேச்சி கேட்டு வாங்கினவ. அப்படிப்பட்டவ கையில எதைக் குடுத்தாலும் நல்லாத்தான் செய்வா. அவ பிள்ளைய நல்லா வந்தா, அது பெட்டியால வந்துச்சா பேச்சியால வந்துச்சான்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது.

"அப்போ குலுக்கல்ல விழுந்தபடிதான் வைக்கணும்."

"பெட்டியைக் கண்ணால பாக்காத லூர்து பிள்ளைய வாங்கினவங்க பக்கமா?"

"ஆமா."

"பெட்டியிலயே பொரண்டுட்டுக் கெடக்க பேச்சி பிள்ளைய வாங்காதவங்க பக்கமா? அநியாயமா இருக்கு சார்."

"திட்டத்துக்கு அநியாயம். அறிக்கையைப் படிக்கவனுக்கு நியாயம். நாளைக்கு ஊர் ஊராக் குடுத்தாலும் சில பெட்டி இப்படிக் கைமாறத்தான் செய்யும். அதையும் சேத்து என்ன பலன்னுதானே அவன் கேக்கான்?"

புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. இப்படி வைத்தால் வித்தியாசம் சுருங்கும். சுருங்கினால் இரண்டாம் வருடத்துக்குப் பணம் வராது. பணம் வராவிட்டால் முறைக்காகக் காத்திருக்கும் அத்தனை மையங்களுக்கும் பெட்டி இல்லை. அத்தனை பேர் முன்னாலும் பொறுப்பு என்று சொன்னவள் நான். ஊர் ஊராகப் போய் இறங்கி இல்லை என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் சாரிடம் கொட்டினேன், கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பயம் எனக்கும்தான் இருக்கு கனி" என்றார். "அப்படி ஆச்சுன்னா சொல்லு, பஸ்ல நானும் உன்கூட வாரேன்."

வருட முடிவில் முடிவுகளோடு சென்னைக்குப் போனோம். வித்தியாசம் சுருங்கித்தான் இருந்தது, ஆனால் அழிந்துவிடவில்லை. கைமாறிய பெட்டியைப் பற்றி வாஸ் சார் தானே முதலில் சொல்லிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு மையத்தையும் இடம் மாத்திப் போட்டா இன்னும் நல்லா வந்திருக்குமே?" என்றார்.

"வந்திருக்கும் சார்" என்றார் வாஸ் சார். "அதனாலதான் மாத்தல."

பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். காத்திருந்த நாட்களில் வேம்பார் பஸ் என்று காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் இரண்டாம் வருடத்துக்குச் சம்மதம் வந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச்சியின் மையத்தையும் மூடவில்லை. அந்தச் சாயங்காலம் வாஸ் சார் எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன், சந்தோஷத்தில் எனக்கு அப்படித்தான்.

இரண்டாம் வருடப் பயிற்சி அதே மண்டபத்தில் நடந்தது. லூர்து முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். முடிந்து எல்லாரும் பெட்டிகளோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அவள் மட்டும் என்னிடம் வந்து நின்றாள்.

"இதுல ஒரு செட்டு அட்டையும் மணியும் வீட்டுக்குக் கொண்டுபோலாமா மேடம்? எம்மகளுக்கு."

"மகளா? எத்தனாவது படிக்கா?"

"இப்பந்தான் ஒண்ணாவது சேந்திருக்கா. போன வருஷம் எங்கிட்டதான் இருந்தா, மையத்துல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பேச்சிக்கு விட்டுக்கொடுத்தது தன் மையத்தின் முறையை மட்டும் அல்ல, தன் சொந்த மகளின் வருடத்தையும். பெட்டி இப்போது வருகிறது, மகள் மையத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

"பேச்சி ஒங்களுக்கு எல்லாத்தையும் காட்டியிருப்பால்லா? வீட்டுல வச்சாவது சொல்லிக் குடுத்திருக்கலாமே லூர்து."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே மேடம் சொன்னிய, முறை வராதவங்க அந்த வருஷம் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு. முறையை மாத்திக்கிட்டா அதையும் சேத்துத்தானே மாத்திக்கிடணும்? எம்மகளுந்தான் அங்க பாத்துட்டு வந்து கேட்டா, பேச்சி அக்கா மையத்துல விளையாடுததை நம்ம வீட்டுல ஏன் விளையாடலன்னு. அடுத்த வருஷம்னு சொல்லி வச்சிருந்தேன்."

அந்த விதியை எழுதியவள் நான். எழுதியபோது அதன் அடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளை அடுத்த மாதம் மறுபடியும் சோதிக்கப்போகிறோம், லூர்துவின் மகள் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். இப்போது கொடுத்தால் அவளுடைய மதிப்பெண் கலங்கிவிடும். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"டெஸ்ட் இருக்கோ? அப்போ அது முடியட்டும் மேடம். இத்தனை நாள் பொறுத்தவளுக்கு ஒரு மாசம் ஒண்ணுமில்ல" என்று அட்டைகளைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போனாள்.

நான் அவள் கையிலிருந்து வாங்கி, அவள் பைக்குள் நானே திணித்தேன். "இன்னைக்கே குடுங்க" என்றேன். அதைத் தப்பென்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் நடந்ததை எழுதாமல் விடக் கூடாது. அந்த வருட அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: முறைக்காகக் காத்திருந்த ஒரு குழந்தைக்கு, சோதனைக்கு முன்பே, ஆய்வாளர் தங்கக்கனியின் அனுமதியோடு ஒரு தொகுப்பு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அச்சுக்குப் போகுமுன் வாஸ் சார் வழக்கம்போல் வரிவரியாகப் படித்தார். அந்த வரியில் நின்றார். யார் அந்தக் குழந்தை என்று கேட்டார், சொன்னேன். பிறகு பேனாவை எடுத்து "ஆய்வாளர் தங்கக்கனியின்" என்பதை அடித்துவிட்டு, "எங்கள் இருவரின்" என்று எழுதினார்.